வியாழக்கிழமை வந்தவர்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வங்கிக் கிளையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அங்கே வந்தவர்களில் ஒரு கொலுசுப் பட்டறைக்காரரின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு வியாழக்கிழமை காலையிலேயே டோக்கன் எடுத்தவர், எண்ணைக் கூப்பிட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை. மதியம் கூட்டம் கரைந்த பிறகுதான் வந்து, "மேடம், கொஞ்சம் தனியாப் பேசணுங்க" என்றார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவருக்கு ஒரு போன் வந்திருக்கிறது. கிரெடிட் கார்டு லிமிட்டை ஏற்றித் தருகிறோம் என்று நல்ல தமிழில் பேசியிருக்கிறார்கள். பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாவற்றையும் அவர்களே ஒப்பித்தார்களாம். "இத்தனையும் தெரிஞ்சவங்க பேங்க் ஆளாத்தானுங்க இருப்பாங்க?" கார்டு எண்ணையும் பின்பக்கத்து மூன்று எண்களையும் கொடுத்து, வந்த ஓடிபியையும் படித்துச் சொல்லிவிட்டார். 48,000 ரூபாய் போய்விட்டது.

அதோடு முடியவில்லை. செவ்வாய்க்கிழமை இன்னொரு 22,000. அது ஏதோ வெளிநாட்டுத் தளத்தில் எடுத்தது. அப்படிப்பட்ட பல தளங்கள் ஓடிபி கேட்பதே இல்லை. திங்கட்கிழமை ராத்திரியே கார்டை ப்ளாக் செய்திருந்தால் இந்தப் பணம் போயிருக்காது. ஏன் செய்யவில்லை என்றால், "வீட்ல தெரிஞ்சா அசிங்கமாயிடுமேன்னு யார்கிட்டயும் சொல்லலீங்க."

நான் அவரிடம் முதலில் கேட்டது "ஏங்க ஓடிபியைச் சொன்னீங்க?" என்றுதான். அவர் தலை இன்னும் குனிந்துவிட்டது. அந்தக் கேள்விக்குப் பயந்துதானே மூன்று நாள் வீட்டில் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்! அதற்கப்புறம் இன்றுவரை அதை யாரிடமும் நான் கேட்டதில்லை. கார்டை ப்ளாக் செய்வதும், சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்குப் போன் போடுவதும் முதலில் நடக்கட்டும். அந்த எண்ணில் உடனே சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. எடுத்துவிட்டார்கள் என்றால் பிடிப்பது கஷ்டம்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதியும் இந்த நேரக் கணக்கைத்தான் பார்க்கிறது. நம் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை, வேறெங்கோ கசிந்து பணம் போயிற்று என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் சொன்னால் நமக்கு நஷ்டமே இல்லை. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால் புகார் சொல்லும்வரை போனது நம் தலையில். சொன்ன நிமிடத்துக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அவருடைய 70,000மும் புகாருக்கு முன்னால் போனது. இதை அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

அவருடைய விவரமெல்லாம் எங்கிருந்து போனது என்று கடைசிவரை தெரியவில்லை. பிறகு ஏற்காட்டுக்கு மாற்றலாகிப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்கினேன். தின்று முடித்துக் கைதுடைக்கப் போனால், எண்ணெய் ஊறிய அந்தக் காகிதத்தில் ஒரு பெண்ணின் முகம். ஆதார் ஜெராக்ஸில் பாதி. பெயர், பிறந்த தேதி, பன்னிரண்டு எண்களும் அப்படியே. பழைய பேப்பரோடு எடைக்குப் போயிருக்க வேண்டும். சுக்குச் சுக்காகக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து, எஸ்டேட்டிலிருந்து வரும் அக்காமார்கள் ஜெராக்ஸ் நீட்டும்போதெல்லாம் பேனாவைக் கொடுத்து, எதற்காகத் தருகிறார்கள் என்பதையும் தேதியையும் படத்தின் மேல் படுகிற மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட வைக்கிறேன். வெளி இடங்களில் கொடுப்பதற்கு, கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரே பெரும்பாலும் போதும். நம் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் கிரெடிட் ஸ்கோர் நிறுவனங்கள் நான்கும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நம் பெயரில் வேறு யாராவது கடன் வாங்கியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

கார்டு வைத்திருப்பவர்களிடம் போனை வாங்கி அவர்கள் கண் முன்னாலேயே வங்கி ஆப்பைத் திறந்து, கார்டில் எதெல்லாம் திறந்திருக்கிறது என்று காட்டுவேன். 2020 மார்ச்சுக்குப் பிறகு கொடுக்கும் கார்டுகளில் ஆன்லைனும் வெளிநாட்டுப் பயன்பாடும் அணைந்தபடிதான் வரும். எப்போதோ அவசரத்துக்குத் திறந்துவிட்டு அப்படியே மறந்திருப்பார்கள். வெளிநாட்டுக்கே போகாதவர் கார்டில் அது ஏன் திறந்து கிடக்க வேண்டும்?

பட்டறைக்காரர் அந்தப் பணத்தைத் தவணையாகக் கட்டி முடித்தார். போன தையில் சேலத்துக்கு வந்தபோது போய்ப் பார்த்தேன். டீ வாங்கிவரப் பையனை அனுப்பிவிட்டு, கொலுசைப் பற்றவைக்கும் பலகைக்கு மேலே சுவரைக் காட்டினார். கரிக்கட்டியால் பெரிதாக 1930 என்று எழுதியிருந்தது. "இங்க வேலை பாக்கற எல்லாருக்கும் என் கதையச் சொல்லிட்டேன் மேடம்" என்றார்.