மாமாவா பாப்பாவா

வீட்டுல கிரைண்டரைப் போட்டா போதும், எங்க அக்கா மக வந்து அதோட ஒடம்புல கன்னத்தை ஒட்ட வச்சுக்கிட்டு நிப்பா. ரெண்டு வயசுலேர்ந்தே இப்படித்தான். "மாவுல கைய விட்ருவாடா, தூக்கு"ன்னு எங்க ஆத்தா கத்துவாக. அவளுக்குக் காது கேக்காது, சத்தம் அந்த அதிர்வு வழியாத்தான் வருதுன்னு அப்ப யாருக்குத் தெரியும்.

காரைக்குடியில ஒரு கடையில பெரிய விலைக்கு ரெண்டு ஹியரிங் எய்ட்டை எங்க தலையில கட்டிவிட்டாங்க, ஒரு பிரயோஜனமும் இல்ல. அப்புறம் மதுரைக்குப் போய், சத்தம் காது நரம்பு வழியா மூளைக்குப் போகுதான்னு பாக்குற பெரா டெஸ்ட், எம்ஆர்ஐ எல்லாம் எடுத்தா காது நரம்பே வளரலன்னுட்டாங்க. ஆபரேஷன் பண்ணிக் காதுக்குள்ள வைக்கிற காக்ளியர் இம்ப்ளான்ட் அந்த நரம்பைத்தான் தூண்டிவிடும், நரம்பே இல்லாட்டி எதைத் தூண்டுறது?

போன வருசம் மச்சான் சிங்கப்பூர்லேர்ந்து வந்தப்ப கையில கட்டுற பட்டை ஒண்ணு கொண்டாந்தாரு. உள்ள மைக்கு, நாலு குட்டி மோட்டாரு. சத்தம் வந்தா தோல்ல அதிரும், அவ்வளவுதான். ஆனா நம்ம தோலு 250 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 250 அதிர்வு, அந்தப் பக்கம்தான் நல்லா உணருமாம், 1000 தாண்டுனா சுத்தமா மங்கிரும், 'ஸ்'ஸுங்கிற சத்தமெல்லாம் அதுக்கும் எங்கயோ மேல, அதனால மெஷினு அதைப் பிரிச்சு இந்த மோட்டாருக்கு இது, அந்த மோட்டாருக்கு அதுன்னு மாத்தித்தான் குடுக்குது. ஐடியா பழசுதான், இம்ப்ளான்ட் பரவுறதுக்கு முன்னாடி டாக்டைட் 7ன்னு ஏழு வைப்ரேட்டர் வச்ச மெஷினே இருந்துருக்கு.

இதைக் கட்டுனா பேச்சு முழுசா வந்துரும்னு நெனைச்சா ஏமாந்துதான் போவோம். உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கிறதுக்கு இது ஒரு ஒத்தாசை. கண்ணாடி முன்னாடி நின்னு மாமா, பாப்பான்னு சொல்லிப் பாருங்க, உதடு ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடும். 'மா'வுக்கு அதிர்வு இழுத்துக்கிட்டே போகும், 'ப்பா'வுக்கு நடுவுல வெட்டு விழுகும். இதை அவ புடிக்க நாலு மாசம் ஆச்சு, ஸ்பீச் தெரபி டீச்சர் சொன்னபடி என் தொண்டையில ஒரு கை, பட்டை இன்னொரு கையிலன்னு தெனம் சாயங்காலம் முகப்புத் திண்ணையில உக்காந்து அதே ரெண்டு வார்த்தை, எனக்கே சலிச்சுப்போச்சு. ஒரு நாள் என் பின்னாடி வந்து நின்னு "ம்ம்மா ம்மா"ன்னா. அக்கா அடுப்புல இருந்த பணியாரத்தைக் கருக விட்டுட்டு ஓடியாந்துச்சு.

முன்னல்லாம் ஆத்தங்குடிக் கல்லுத் தரையில காலை எவ்வளவு ஓங்கி மிதிச்சாலும் அவ திரும்ப மாட்டா, மரப்படியில மிதிச்சாத்தான் உண்டு. இப்ப பேரைச் சொன்னா பத்துல ஆறு தடவை திரும்புறா.

கிரைண்டர் ஓடுறப்ப மட்டும் பட்டை விடாம அதிர்ந்துக்கிட்டே இருக்கும், பாவம். அவளே கழட்டி என் கையில குடுத்துட்டுப் போய் பழையபடி கன்னத்தை ஒட்ட வச்சுக்குவா.