விண்ணப்பதாரர் வயது மூன்று

2017 ஆகஸ்ட் 30, புதன்கிழமை. ஹூஸ்டனில் பளீரென்று வெயில் அடித்தது. நாள்கணக்கில் கொட்டித் தீர்த்த ஹார்வி புயல் லூசியானா பக்கம் போய்விட்டது. எங்கள் தெருவில் மட்டும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. மாடியிலேயே தங்கிவிட்ட எதிர்வீட்டு நண்பர் மணிக்கொரு படம் அனுப்பினார். காலையில் எங்கள் வீட்டு முன்ஜன்னலின் அடிவிளிம்பு தெரிந்தது. மாலையில் தெரியவில்லை.

வீடு ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டி பக்கம், பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டி. நீர்த்தேக்கம் என்றதும் நம் ஊர் ஏரியை நினைக்க வேண்டாம். வருடம் முழுக்கப் புல்லும் மரமும் நடைபாதையுமாகக் கிடக்கும். பெருமழைக்கு மட்டும் நிரம்பும். நிரம்பினால் தண்ணீர் எதுவரை நிற்குமோ அந்த எல்லைக்குள்தான் எங்கள் குடியிருப்பே இருக்கிறது என்பது எனக்குப் புயலுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏரி உள்வாயில் மனை வாங்கியவன் கதை. வெள்ளக் காப்பீடும் எடுக்கவில்லை. வரைபடத்தில் எங்கள் தெரு நூறாண்டு வெள்ளப் பகுதிக்கு (எந்த ஓர் ஆண்டிலும் வெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்பு உள்ள இடம்) வெளியே இருந்ததால் வீட்டுக் கடன் கொடுத்தவர்கள் அதைக் கேட்கவில்லை. கேட்காததை நான் ஏன் வாங்கப் போகிறேன்? சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குச் செல்லாது என்பதையும் அந்த வாரத்தில்தான் படித்தேன்.

திங்கட்கிழமையே எங்களை ஒருவர் மீன்பிடிப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார். மனைவி, மூன்று வயது மகள், நான், இரண்டு முதுகுப்பை. அரசாங்கத்து ஆள் இல்லை அவர். சொந்தப் படகோடு யார் யாரையோ தேடி வந்தவர். பெயர்கூடக் கேட்கவில்லை. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் இரண்டு ராத்திரி. அப்புறம் ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுக்குமாடி வீடு. அதுவரை அவர்களை எனக்குத் தெரியாது. நம்மவர்களின் வாட்ஸாப் குழுவில் யாரோ ஓர் அட்டவணை போட்டிருந்தார்கள்: யாருக்கு இடம் வேண்டும், யாரிடம் இடம் இருக்கிறது, எத்தனை பேர், குழந்தை உண்டா, மாடிப்படி ஏற முடியுமா. அதில் எங்கள் பெயரை எழுதின ஒன்றரை மணி நேரத்தில் போன் வந்தது.

சோறும் படுக்கையும் கிடைத்துவிட்டன. பணத்துக்கான வழிதான் தெரியவில்லை. கூட்டாட்சிப் பேரிடர் அமைப்பான ஃபீமா வீட்டுச் சேதத்துக்கு உதவித்தொகை தருகிறது என்று எல்லாத் தொலைக்காட்சியும் சொன்னது. அதே வாட்ஸாப் குழு, “நம்மைப் போல எச்-1பி வேலை விசாக்காரர்களுக்கு அதெல்லாம் கிடையாது, வாங்கினால் பின்னால் கிரீன் கார்டுக்கு வம்பு” என்று அடித்துச் சொன்னது. முதல் பாதி சரி: அந்தப் பணம் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு போன்ற தகுதி உள்ளவர்களுக்கும்தான். அதனால் பத்து நாள் நான் விண்ணப்பிக்கவே இல்லை. 211 என்ற எண்ணை அழைத்தால் உணவு, தங்குமிடம், மருந்து எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள்; அதோடு நிறுத்திக்கொண்டேன். செஞ்சிலுவைச் சங்கம் குடும்பத்துக்கு 400 டாலர் கொடுத்தது. விசா பற்றி அங்கே பேச்சே இல்லை. அதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது. நல்ல சம்பளக்காரன், வரிசையில் நிற்கலாமா என்று.

செப்டம்பர் இரண்டாவது வாரம், எதிர்வீட்டு நண்பருக்குத் துணையாகப் பேரிடர் மீட்பு மையத்துக்குப் போனேன். அவரிடம் கிரீன் கார்டு உண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார் அவர் வேலையை முடித்துவிட்டு என்னைப் பார்த்து, “உங்களுக்கு?” என்றார். எனக்குத் தகுதியில்லை என்றேன். “வீட்டில் அமெரிக்கக் குடிமகன் ஒருவர்கூட இல்லையா?” என்று கேட்டார். தரையில் உட்கார்ந்து சிப்ஸ் பொட்டலத்தைக் கிழித்துக்கொண்டிருந்த மகளைக் காட்டினேன். “அவள் இங்கேதான் பிறந்தாள்.”

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. குடும்பத்தோடு வாழும் பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தை குடியுரிமை உள்ளதாக, ஆதார் மாதிரியான சமூகப் பாதுகாப்பு எண்ணோடு இருந்தால், அதன் சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டு பயத்தை அதே கட்டிடத்தில் இருந்த இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் தீர்த்தார்: பேரிடர் நிவாரணம் வாங்கியதைக் கிரீன் கார்டுக்கு எதிராகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். எங்கள் வாட்ஸாப் குழுவில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இங்கே பிறந்த பிள்ளைகள் உண்டு. ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே குழுவில் நீளமாக எழுதிப் போட்டேன். இதையும் எழுதுவது முக்கியமாக அதற்காகத்தான்.

படிவம் நிரப்பும்போது ஒரு கூத்து. என் கடைசிப் பெயர் என் அப்பாவின் பெயர். மனைவியின் கடைசிப் பெயர் அவள் அப்பாவின் பெயர். மகளின் கடைசிப் பெயர் என் பெயர். அம்மையார் மூன்று அட்டைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, “நீங்கள் மூவரும் ஒரே குடும்பமா?” என்றார். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் என்று விளக்கினேன். அவருக்குப் புரிந்தது. கம்ப்யூட்டருக்குப் புரியவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

இதற்கிடையில் தண்ணீர் வடிந்து வீட்டுக்குள் போக முடிந்தது. ஒரு வாரம் ஊறிய வீட்டின் நாற்றத்தை எழுதிக் காட்ட முடியாது. சாக்கடையும் கலந்த தண்ணீர். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டுதான் உள்ளே போனோம். சுவரில் இரண்டரை அடி உயரத்தில் கோடு போட்ட மாதிரி கறை. அதற்கு மேலே பூஞ்சை ஏற ஆரம்பித்திருந்தது. இங்கே சுவர் செங்கல் அல்ல, மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. ட்ரைவால் என்பார்கள். நனைந்தால் கேக் மாதிரி ஆகிவிடும். உடனே அறுத்து எடுக்க வேண்டும். ஃபீமாவின் ஆய்வாளர் வந்து சேதத்தைப் பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாது என்று ஒரு வதந்தி வேறு. அது தவறு. படம் எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லித்தான் அவர்களே சொல்கிறார்கள். நீர்க்கறையை அளவு நாடா வைத்துப் படம், குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றின் வரிசை எண் படம், தரைவிரிப்பில் ஒரு துண்டு. இவ்வளவும் எடுத்துவிட்டு மிச்சத்தைத் தெருவோரம் தள்ளலாம்.

ஆனால் யார் தள்ளுவது? நானும் மனைவியும் ஒரு நாள் முழுக்க மாங்கு மாங்கென்று வேலை செய்து ஒரு அறையைக்கூட முடிக்கவில்லை. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கிரைசிஸ் கிளீனப் என்ற உதவி எண்ணைக் கொடுத்தார். ஒரு தடவை அழைத்து முகவரி, எத்தனை அறை, எவ்வளவு தண்ணீர் என்று சொன்னால் போதும். பொது வரைபடத்தில் நம் வீடு ஒரு புள்ளியாக ஏறிவிடும். பல தொண்டுக் குழுக்கள் அதைப் பார்த்து, தங்களால் முடிந்த புள்ளியை எடுத்துக்கொள்ளும். நாமாக ஒவ்வொரு குழுவையும் தேடி அலைய வேண்டாம்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு மஞ்சள் சட்டை போட்ட பதினான்கு பேர் வாசலில் நின்றார்கள். மோர்மன் சபைக்காரர்கள். அடுத்த தெருவில் ஆரஞ்சுச் சட்டைகள், வேறொரு கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு. எங்கள் வீட்டுக்கு வந்த குழுவின் தலைவருக்கு எழுபது வயது இருக்கும். சுவரில் நாலு அடி உயரத்தில் நூல் பிடித்துக் கோடு போட்டார். தண்ணீர் இரண்டரை அடிதானே, ஏன் நாலு என்றேன். ட்ரைவால் பலகை நாலுக்கு எட்டு அடி. படுக்க வைத்தால் நாலடி உயரத்துக்குச் சரியாக உட்காரும், வெட்டும் வேலை மிச்சம் என்றார். ஈரத்தை அளக்கும் ஒரு சின்னக் கருவியைக் காட்டி, மரச்சட்டம் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை புதுச் சுவர் போடாதே, அவசரப்பட்டு மூடினால் உள்ளே பூஞ்சை வளரும் என்று மூன்று தடவை சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்குக் கோயில் கட்டலாம். அவசரமாக மூடிய வீடுகள் சிலவற்றை மறுபடி பிரித்ததைப் பார்த்தேன்.

சாமி அலமாரிக்கு முன்னால் வந்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஒரு பெண் கையுறையைக் கழற்றிவிட்டு, “இதை நாங்கள் தொடலாமா, நீங்களே எடுப்பீர்களா?” என்று கேட்டாள். நானே எடுக்கிறேன் என்றேன். என் மனைவி அவ்வளவு நாளும் அழவில்லை, அப்போதுதான் அழுதாள். மத்தியானம் எங்களைத் தங்க வைத்திருந்த வீட்டிலிருந்து எலுமிச்சைச் சோறு வந்தது. நடைபாதையில் உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டார்கள். சாயங்காலம் ஐந்துக்குள் கீழ்த்தளம் முழுக்க எலும்புக்கூடாக நின்றது. வெளியே என் மார்பளவுக்குக் குப்பைமேடு.

அம்மா கடலூரிலிருந்து தினமும் கூப்பிடுவாள். 2011 தானே புயலைப் பார்த்தவள். பலா, முந்திரி எல்லாம் படுத்துக் கிடந்த அந்த நாட்கள் அவளுக்கு இன்னும் கண்ணில் நிற்கின்றன. அவள் கேள்வி ஒன்றே ஒன்று: “விஏஓ வந்து எழுதிட்டுப் போனாரா?” இங்கே விஏஓ இல்லை என்று நானும் சொல்லிப் பார்த்தேன். யோசித்தால் இருக்கிறார். ஃபீமா ஆய்வாளர். என்ன, அவர் தெரியாத எண்ணிலிருந்து கூப்பிடுவார். தெரியாத எண்ணை எடுக்காத என் பழக்கத்தால் இரண்டு அழைப்பு போய்விட்டது. திரும்பத் திரும்ப ஆள் கிடைக்காவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். குரலஞ்சலைக் கேட்டு அலறிப் புடைத்துத் திரும்ப அழைத்தேன். வந்தவர் அடையாள அட்டையை அவராகவே காட்டினார். அரை மணி நேரத்தில் அறைகளை எண்ணி, கோட்டை அளந்து, போய்விட்டார். பணம் எதுவும் கேட்கவில்லை. உண்மையான ஆய்வாளர் கேட்கவே மாட்டார். பணம் கேட்ட ஆள் வேறு: சுவர் போட்டுத் தருகிறேன் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போன ஒப்பந்தக்காரர். 1,500 டாலர். அதைப் பற்றி மேலே பேச விருப்பமில்லை.

எதிர்வீட்டு நண்பர் வேறொரு இடத்தில் சறுக்கினார். அவருக்கு எஸ்பிஏ எனப்படும் சிறுதொழில் நிர்வாகத்தின் கடன் விண்ணப்பம் வந்தது. “எனக்கு ஏது தொழில், கடனும் வேண்டாம்” என்று தூக்கிப் போட்டுவிட்டார். பேரிடர் காலத்தில் வீட்டுக்காரர்களுக்கும் கடன் தருவது அவர்கள்தான். கடன் வேண்டாம் என்றாலும் அன்றைக்குப் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அப்போதைய விதிப்படி, அவர்கள் மறுத்தால்தான் வீட்டுச் சாமான்களுக்கான உதவித்தொகைக்கு வழி திறக்கும். அவர் ஒரு மாதம் வீணாக்கினார்.

அக்டோபர் நடுவில் எங்களுக்குக் கடிதம் வந்தது. மகள் பெயருக்கு. தனக்கு வந்த முதல் கடிதம் என்று அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். திரும்பி வாங்கிப் படித்தால், தகுதியில்லை என்று முதல் வரி. நிறையப் பேர் அதோடு கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். நானும் மடித்தேன். மனைவிதான் மறுபடி பிரித்து இரண்டாவது பத்தியைப் படித்தாள்: விண்ணப்பதாரர் அந்த முகவரியில் வசித்ததற்குச் சான்று இல்லை. அதாவது வரிச்சீட்டும் மின்கட்டணமும் ஒரு பெயரில், விண்ணப்பம் இன்னொரு பெயரில், நடுவில் இருக்கும் உறவு கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. தவறு யாருடையதும் அல்ல, எங்கள் இனிஷியல் வழக்கம் அப்படி. கடிதத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

மகளின் பிறப்புச் சான்றிதழில் எங்கள் இருவர் பெயரும் இருந்தது. வீட்டுப் பத்திரம் நனைந்து கூழாகியிருந்தாலும், சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளத்தில் உரிமையாளர் விவரம் யாரும் எடுக்கலாம் என்பதால் அதை அச்செடுத்தேன். மின்கட்டணச் சீட்டு, மழலையர் பள்ளியிலிருந்து முகவரியோடு ஒரு கடிதம், பெயர்கள் ஏன் மூன்று விதம் என்று விளக்கி நான் எழுதிய ஒரு பக்கம். ஒவ்வொரு தாளிலும் எங்கள் ஒன்பது இலக்கப் பதிவு எண்ணும், ஹார்விக்கான பேரிடர் எண் 4332-உம் எழுத வேண்டும். தாள் பிரிந்து போனாலும் கோப்பைக் கண்டுபிடிக்க அதுதான் வழி.

உச்சவரம்பு அந்த ஆண்டு 33,300 டாலர். எங்களுக்கு நவம்பர் கடைசியில் வந்தது அதில் பாதிக்கும் குறைவுதான். சுவருக்கும் சமையலறைக்கும் போயிற்று. மிச்சத்தைச் சேமிப்பிலிருந்து போட்டோம். பிப்ரவரியில் வீட்டுக்குத் திரும்பியபோது அலமாரிகளுக்குக் கதவு இல்லை.

மேல்முறையீட்டோடு அந்த முதல் கடிதத்தின் நகலையும் இணைத்திருந்தேன். மகள் அதற்குள் அதன் ஓரம் முழுக்க ஊதா கிரேயானில் வட்டம் வட்டமாகப் போட்டு வைத்திருந்தாள். வேறு நகல் இல்லை. அப்படியே அனுப்பினேன்.