கடைசி வரிசைக்குப் பின்னால்

திரைப்படச் சங்கத்தில் நிகழ்ச்சிப் பொறுப்பு என்றால் படம் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி கடிதப் போக்குவரத்துதான்: திரையிடும் உரிமை யாரிடம் இருக்கிறது, கோப்பு எப்போது வரும், சப்டைட்டில் ஒழுங்காக ஓடுகிறதா. படம் ஓடும்போது கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று தலைகளைத்தான் பார்ப்பேன். எங்கே நெளிகிறார்கள், எங்கே எழுந்து போகிறார்கள் என்பது அடுத்த தேர்வுக்கு எனக்கு வேண்டிய தகவல்.

அப்படி நின்று நான் அதிகம் கற்றுக்கொண்டது அதினா ரேச்சல் சங்காரி இயக்கிய 'அட்டென்பெர்க்' என்ற கிரேக்கப் படத்தில். 2010 வெனிஸ் விழாவில், நாயகி மரீனாவாக நடித்த அரியான் லபேத்துக்குச் சிறந்த நடிகைக்கான வோல்பி கோப்பை கிடைத்தது. விருது பெற்ற படம் என்ற நம்பிக்கையில் வருபவர்களை முதல் காட்சியே சோதிக்கும். ஒரு வெள்ளைச் சுவர். அதன் முன்னால் தோழி பெல்லா, 23 வயது மரீனாவுக்கு முத்தமிடக் கற்றுத்தருகிறாள். இசை இல்லை, கிளர்ச்சியும் இல்லை. பாடம் சண்டையாகி, இருவரும் கைகால்களை ஊன்றிப் பூனைகளாகச் சீறுகிறார்கள். கதவுப் பக்கம் இருப்பவர்கள் அப்போதே கிளம்பிவிடுவார்கள்.

மற்றவர்கள் கலந்துரையாடல்வரை காத்திருந்து கேட்பார்கள்: இந்தப் பெண்ணுக்கு ஏதாவது மனநோயா? ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். நான் சொல்வதில்லை. மரீனா ஆண்களை ஒதுக்குகிறாள், மனித உடலைக் கண்டு கூசுகிறாள், டேவிட் ஆட்டன்பரோவின் விலங்குப் படங்களைப் பார்ப்பதுபோல மனிதர்களையும் தள்ளி நின்று பார்க்கிறாள். ஆனால் அவள் எதையும் கவனிக்காமல் விடுவதில்லை. ஒரு பொறியாளருடன் முதன்முறை படுக்கையில் இருக்கும்போதுகூட நடப்பதையெல்லாம் வாய்விட்டு வர்ணிக்கிறாள். அந்தப் பொறியாளராக நடித்திருப்பவர் இன்னொரு கிரேக்க இயக்குநரான யோர்கோஸ் லாந்திமோஸ். அரங்கம் சிரிப்பதா வேண்டாமா என்று தயங்கும் இடம் அது. தாராளமாகச் சிரிக்கலாம் என்பேன்.

அவள் வாழும் இடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது என் குறை. படம் எடுக்கப்பட்ட அஸ்ப்ரா ஸ்பிட்டியா, கொரிந்து வளைகுடாக் கரையில் அலுமினிய ஆலைத் தொழிலாளர்களுக்காக 1960களில் கட்டப்பட்ட குடியிருப்பு. கட்டடக் கலைஞர் டாக்ஸியாடிஸின் திட்டம். அளவெடுத்து அடுக்கிய வெள்ளை வீடுகள். கதையில் மரீனாவின் தந்தையும் கட்டடக் கலைஞர். ஆடு மேய்த்த நாடு நடுவில் எதையும் கடக்காமல் நேரே புல்டோசருக்குத் தாவிவிட்டது என்ற கசப்போடு சாகக் கிடக்கிறார். இவரிடம் வளர்ந்த பெண் வேறு எப்படி இருப்பாள்? இருவரும் படுக்கையில் குதித்துக் குரங்குகளாக மாறி விளையாடுவதைவிட நெருக்கமான அப்பா-மகள் காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை.

இறந்தபின் தன்னை எரிக்க வேண்டும் என்பது அந்தத் தந்தையின் விருப்பம். கிரேக்கத்தின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை தகனத்தை ஏற்பதில்லை. 2006இல் சட்டம் அனுமதித்தும், நாட்டின் முதல் தகன மேடை ரிட்சோனாவில் திறக்கப்பட்டது 2019இல்தான். ஆகவே படம் வந்த காலத்தில் உடலை வெளிநாட்டுக்குத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அந்த ஏற்பாடுகளை மரீனா சரக்கு அனுப்புபவளின் நிதானத்தோடு பேசி முடிக்கிறாள். அழவில்லையே என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். சாகிறவர் கேட்டதை ஒன்றுவிடாமல் செய்து முடிப்பவளிடம் கண்ணீரையும் சேர்த்துக் கேட்பது பேராசை என்று பதில் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, அடுத்த திரையிடலுக்கும் வந்தார்.

எனக்கும் புகார் உண்டு. தோழிகள் இருவரும் கைகோத்துக்கொண்டு வினோதமாக நடைபோடும் இடைக்காட்சிகள் முதலில் உற்சாகம் தருகின்றன. போகப்போக இயக்குநர் தன் ரசனையில் தானே மயங்கிவிட்டதாகத் தோன்றுகிறது.

இறுதிக் காட்சிக்காக எனக்கும் புரொஜெக்டர் இயக்குபவருக்கும் வழக்கமாக ஒரு தகராறு வரும். அஸ்தியைக் கடலில் கரைத்ததும் கதை முடிந்துவிட்டது, விளக்கைப் போட்டுவிடலாம் என்பது அவர் கட்சி. அதற்குப் பிறகு ஆலை வளாகத்தில் லாரிகள் செம்மண்ணில் போய்வரும் நீண்ட காட்சி இருக்கிறது. அது முடிந்து பெயர்கள் ஓடி நிற்கும்வரை விளக்கின் மேல் கை வைக்கக்கூடாது என்று இப்போது எழுதியே கொடுத்துவிடுகிறேன்.