மகளின் ஜீவனாம்ச பாக்கியை வசூலித்த அனுபவம்

என் மகளுக்கு மாதந்தோறும் ஜீவனாம்சம் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டதும் சில மாதங்கள் பணம் வந்தது. பிறகு அவள் அப்பா காரைக்குடி வேலையை விட்டுவிட்டுத் திருப்பூர் போனார். பணம் நின்றது, போனையும் எடுக்கவில்லை.

"பெரியவர்களை வைத்துப் பேசிக்கொள்ளலாம், பொறு" என்றார்கள் உறவினர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாக்கிக்கு வாரண்ட் கேட்கும் மனுவை, அந்தத் தொகை கொடுக்கவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். "அடுத்த மாதம் தருகிறேன்" என்று சொல்லியே ஒருவர் அந்த ஓராண்டைக் கடத்திவிடலாம். பேச்சுவார்த்தை நடக்கட்டும், மனுவும் நடக்கட்டும் என்றேன்.

நான் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் கூலி வேலை செய்கிறேன். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதால், நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவில் விண்ணப்பித்தேன். ஒரு வக்கீலம்மாவை நியமித்தார்கள். உத்தரவின் சான்றிட்ட நகல், வங்கிப் பாஸ்புத்தகம், எந்த மாதம் எவ்வளவு நின்றது என்ற பட்டியல் ஆகியவற்றைக் கேட்டார்.

முகவரிதான் பெரும்பாடு. பழைய முகவரிக்குப் போன நோட்டீஸ் "ஆள் இல்லை" என்று திரும்பியது. திருப்பூரில் வேலை செய்யும் தேவகோட்டைக்காரர் ஒருவர், மகளின் அப்பா வேலை பார்க்கும் கம்பெனியையும் குடியிருக்கும் தெருவையும் விசாரித்துச் சொன்னார். அந்த உதவியை நான் மறக்கமாட்டேன். ஆள் இருக்கும் ஊர் நீதிமன்றத்திலும் உத்தரவை நிறைவேற்றக் கேட்கலாம் என்று வக்கீலம்மா சொன்னார். ஆனால் வாய்தாவுக்கெல்லாம் திருப்பூர் போக என்னால் முடியாது என்பதால் இங்கேயே மனுப் போட்டோம்.

மகளின் அப்பா நீதிமன்றத்துக்கு வந்து, "அவளும் சம்பாதிக்கிறாள், பிள்ளையை என்னிடம் காட்டவும் இல்லை" என்றார். பிள்ளையைப் பார்க்கத் தனியாக மனுப் போடுங்கள், அதற்காகச் சாப்பாட்டுப் பணத்தை நிறுத்த முடியாது என்றார் நீதிபதி. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அத்தனை வாய்தாவுக்கும் போனேன் என்று தோன்றியது.

அதன் பிறகும் கட்டாததால் வாரண்ட் பிறந்தது. ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். சிறைக்குப் போனாலும் பாக்கி தீராது என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லியிருக்கிறது. இது தெரிந்ததும் பாதித் தொகையைக் கட்டினார். மீதியைத் தவணையில் தருவதாக நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தார்.

ஜீவனாம்சத்துக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்று எல்லோரும் சொல்வது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவு. புதிதாக மனுப் போடுபவர்கள் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். பணத்தை ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கிலேயே போடச் சொல்லுங்கள். கொடுத்தேன், வாங்கவில்லை என்ற வழக்கே எழாது.

தவணை இன்னும் முடியவில்லை. தவறினால் போடவேண்டிய மனுவை வக்கீலம்மா இப்போதே எழுதி வைத்திருக்கிறார்.