ஸ்போரன் தைத்த நாட்கள்

2 மார்ச் 2024, எடின்பரோ

இன்று கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்பு வைத்த கம்பளிப் பாவாடை, கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கல்யாணத்துக்கு என்று வாங்கிய ஸ்போரன்தான், கில்ட்டின் மேல் கட்டும் இடுப்புப் பை, முன்னால் தொங்கியது. முகப்பில் முடி, மேலே வெள்ளி நிறப் பட்டை, மூன்று குஞ்சலங்கள். பஸ்ஸில் அட்டையை எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. போன் உள்ளே நுழையவே இல்லை, கடைசி வரை கையிலேயே வைத்திருந்தேன். கில்ட்டில் பாக்கெட் கிடையாது. இருக்கும் ஒரே பை இதுதான், அது நல்ல நாளுக்கு மட்டும் பொருந்துகிற பையாக இருந்தால் தினமும் எப்படிக் கில்ட் கட்டுவது? சரி, நானே ஒன்று தைக்கிறேன்.

3 மார்ச்

போன், சாவி, அட்டைகள், கைக்குட்டை நான்கையும் மேசையில் பரப்பி அளந்தேன். இவை உள்ளே சும்மா கிடந்தால் போதும், திணிக்கிற மாதிரி இருக்கக்கூடாது. 18 சென்டிமீட்டர் அகலம், 20 உயரம், 3 ஆழம் என்று முடிவு செய்தேன். அந்த அளவில் காகித அட்டையை வெட்டி நூலில் கட்டி, கில்ட்டின் மேல் தொங்கவிட்டு மாடிப்படி ஏறி இறங்கினேன். பெல்ட் பக்கிளுக்குக் கீழே ஒரு உள்ளங்கை அகலம் விட்டால் சரியாக நிற்கிறது. அதற்கும் கீழே இறங்கினால் ஒவ்வொரு படியிலும் தொடையில் இடிக்கிறது.

9 மார்ச்

மழை. வீட்டிலிருந்து பழைய ஸ்போரன்களைப் பற்றி வாசித்தேன். ஸ்காட்லாந்து மலைநாட்டின் கேலிக் மொழியில் ஸ்போரன் என்றால் பணப்பை, அவ்வளவுதான். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டு ஆண்கள் கட்டியது பெரும்பாலும் மான் தோலிலோ கன்றுத் தோலிலோ ஆன பை. வாயைத் தோல் கயிற்றால் இழுத்துச் சுருக்குவார்கள். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பையேதான் என்று தோன்றியது. பாக்கெட் இல்லாத உடை எங்கே இருந்தாலும் இடுப்பில் ஒரு பை வந்து சேர்ந்துவிடுகிறது.

பித்தளைப் பட்டை வைத்த வாய் பிறகு வந்தது. ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், உள்ளே துப்பாக்கிகளை ஒளித்து வைத்த ஒரு ஸ்போரன் பூட்டு இருக்கிறது. தெரியாமல் திறக்கிறவனைச் சுடுவதற்காக. 1746-ல் வந்த சட்டம் மலைநாட்டு உடையைத் தடை செய்தது, 1782-ல்தான் அதை நீக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் ராணுவத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. முழங்கால் வரை தொங்கும் குதிரைமுடி ஸ்போரன் அந்த ராணுவ வழியில் வளர்ந்தது, இன்றும் பேக்பைப் என்ற காற்றுப்பை வாத்தியம் வாசிப்பவர்கள் கட்டுகிறார்கள். அதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய பைக்கு நேர் வாரிசு அலங்காரம் இல்லாத தோல் ஸ்போரன்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

10 மார்ச்

தோல் வாங்கினேன். குரோம் உப்பில் பதனிட்டது மெத்தென்று இருக்கும், ஆனால் வடிவம் நிற்காது. அதனால் மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல். நம் பக்கம் இதற்கு ஆவாரம்பட்டை, பிரிட்டனில் பழைய முறை ஓக் பட்டை. முன், பின், மூடி மூன்றுக்கும் 2.5 மில்லிமீட்டர் கனம். பக்கவாட்டில் சுற்றி வரும் பட்டைக்கு 1.5, அது வளைய வேண்டுமே.

17 மார்ச்

நேற்றும் இன்றும் தையல். ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து நுழைய வேண்டும். சேணம் தைப்பவர்களின் தையல் இது. மெஷின் தையலில் ஒரு இடம் அறுந்தால் வரிசையாகப் பிரியும், இதில் ஒன்று அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். தைக்கும் நீளத்தைப் போல நான்கு மடங்கு லினன் நூலை வெட்டித் தேன்மெழுகில் இழுத்தேன். ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே, அங்குலத்துக்கு 7 தையல்.

நேற்று மாலை ஒரு தப்பு நடந்தது. பக்கப் பட்டையின் நீளத்தை முன்தோலின் வெளி ஓரத்தில் அளந்திருந்தேன். தையல் ஓடுவதோ 4 மில்லிமீட்டர் உள்ளே. கீழ் மூலைகள் இரண்டும் வளைவு, அதனால் உள்கோடு நீளம் குறைவு. ஒரு பக்க வாயில் தொடங்கி அடுத்த வாய் வரை வந்தபோது பட்டையில் 12 மில்லிமீட்டர் மிச்சம், துளைகளும் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் பிரித்தேன். தோலில் போட்ட துளை மூடாது, அதனால் புதுப் பட்டை வெட்டினேன். இந்த முறை அடிப்பக்கத்தின் நடுவில் தொடங்கி இரு பக்கமும் மேலே ஏறினேன். இப்படித் தைத்தால் மிச்சம் வாயோரத்தில்தான் விழும், வெட்டிவிடலாம். யாராவது தைக்கப் போகிறீர்கள் என்றால் நடுவிலிருந்தே தொடங்குங்கள்.

மூடிக்குப் பித்தளைக் குமிழ். மூடியில் ஒரு துளை, அதன் மேல் சின்னக் கீறல். கட்டைவிரலால் தள்ளினால் திறக்கும்.

23 மார்ச்

வார். பழைய ஸ்போரனின் சங்கிலி கில்ட்டின் பின்மடிப்புக் கம்பளியைத் தேய்த்திருப்பதைப் பார்த்து வருத்தமாக இருந்தது. புதியதற்கு முழுக்கத் தோல் வார், உலோகம் பின்னால் எங்கும் படாது. ஓரங்களை ஈரப்படுத்தி மரத்துண்டால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன்.

குஞ்சலம் வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம்.

30 மார்ச்

லீத் ஆற்றங்கரைப் பாதையில் மூன்று மணி நேரம் நடந்தேன். காற்று பலமாக இருந்தது. ஸ்போரனின் எடை கில்ட்டின் முன்பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறு கையால் அட்டையை எடுத்தேன். காரில் உட்கார்ந்ததும் வாரோடு இடுப்பின் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். நடனத்திலும் அப்படித்தான் தள்ளிவிடுவார்கள்.

சாவி மட்டும் நடக்கும்போது போனில் உரசிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மிச்சத் தோலில் சின்ன வார் ஒன்று வெட்டி, உள்ளே இடது ஓரமாகத் தைத்துச் சாவியை அதில் மாட்டிவிட்டேன்.

6 ஏப்ரல்

ஸ்வெட்டர் போட்டால் வார் இறுக்குகிறது. இன்னும் இரண்டு துளை போட்டேன். திங்கட்கிழமை இதையே கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.