மாரி மழைக்குப் பின் மணல்காடு: ஆர்சி காரோடு வடமராட்சிக்கு

யாழ்ப்பாணத்தில் ஆர்சி கார், அதாவது ரிமோட்டால் ஓட்டுகிற சின்னக் கார், ஓட்ட எது நல்ல காலம் என்று கேட்டால், தயங்காமல் மாரி என்றுதான் சொல்வேன். மழை, வெள்ளம், சேறு, இதற்குள் மோட்டர் பூட்டிய காரைக் கொண்டுபோய் விடுவதா என்று பலர் கேட்பார்கள். கோடையில் அங்கே ஓட்டிப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். கோடையில் மணல் பொடிப்பொடியாகக் கிடக்கும், சக்கரம் புதையும், கொஞ்ச நேரத்திலேயே மோட்டரில் கை வைக்க முடியாது, தூசி கியருக்குள்ளே போய் அடையும். ஐப்பசியில் தொடங்குகிற வடகீழ்ப் பருவமழை மார்கழியில் ஓயத் தொடங்கும்போது அதே நிலம் இறுகி, ஓட்டுவதற்கென்றே செய்து வைத்ததுபோல் ஆகிவிடுகிறது.

டிசம்பர் கடைசியில், வடமராட்சிக் கரையில் இருக்கிற மணல்காடு என்ற ஊரில் கார் ஓட்டவென்று நான் கொழும்பிலிருந்து போனேன். ரொறன்ரோவில் இருக்கிற மச்சானும் விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் ஸ்னோவுக்குள் ஆர்சி ஓட்டிப் பழகியவன். கார் ட்ராக்ஸாஸ் ஸ்லாஷ், 1/10 அளவு, நாலு சக்கரமும் இழுக்கும் வகை. காரைப் பெட்டியில் போட்டுவிட்டு பற்றரிகளைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தான். மேலதிக லித்தியம் பற்றரிகளை விமானத்தில் கைப்பையில் மட்டும்தான் கொண்டுபோகலாம். 100 வாட்-மணிக்குக் கீழே என்றால் விமான நிறுவனத்தின் தனி அனுமதி தேவையில்லை. 7.4 வோல்ட், 5000 மில்லிஆம்ப்-மணி பற்றரி என்றால் 37 வாட்-மணிதான் வரும். பிரச்சினையே இல்லை.

குளிர் நாட்டில் இந்தக் கார்களுக்கு வருகிற கரைச்சல்களை அவன் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். மைனஸ் 10 பாகையில் லைப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும், உள் எதிர்ப்புக் கூடும். ரிமோட்டை அழுத்தியதும் வோல்ட் சடாரென்று விழுந்து, சார்ஜ் இருக்கும்போதே கார் நின்றுவிடும். அதனால் ஓட்டுகிற நேரம் வரை பற்றரியைக் கோட்டின் உள்பொக்கெற்றில் சூடாக வைத்திருப்பானாம். பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் பண்ணவே கூடாது. சக்கரங்களைத் தாங்குகிற நைலோன் சஸ்பென்ஷன் ஆர்ம்கள் குளிரில் விறைத்திருக்கும், வழக்கமாக வளைந்து கொடுக்கிற அடிக்கு அப்போது பட்டென்று முறியும். ஓடி முடித்து வீட்டுக்குள் கொண்டுவந்தால், சூட்டுக்கு உள்ளே நீர் ஒடுங்கி ரிசீவர் பெட்டிவரை ஈரமாகும். கேட்கக் கேட்க, 25 பாகைக்குக் கிட்ட நிற்கிற எங்கள் மார்கழிக் காலை பற்றரிக்கு எவ்வளவு பெரிய வரம் என்று விளங்கியது.

மணல்காட்டுக்கு 26ஆம் திகதி போகவில்லை. 2004இல் ஆழிப்பேரலை வடமராட்சிக் கிழக்குக் கரையோரத்தை வாரிக்கொண்டுபோன நாள் அது. விளையாட்டுக் காரோடு அந்தக் கரையில் போய் நிற்க மனம் வராது. அடுத்த நாள் விடியப்புறம் பருத்தித்துறை வீதியால் வெளிக்கிட்டோம்.

நீர்வேலி வாழைத் தோட்டங்களைக் கண்டதும் மச்சான் காரை இறக்க வேண்டும் என்று நின்றான். ஒழுங்கை ஒன்றில் இறக்கினோம். வலிகாமத்துச் செம்மண் நனைந்தால் விடாது. கொஞ்சத் தூரம் ஓடியதுமே நாலு டயரும் மேலிருக்கிற புடைப்புகள் தெரியாமல் உருண்டு திரண்டு வழுவழுவென்று ஆகிவிட்டன. சக்கரம் சுற்றுகிறது, கார் நிற்கிறது. ஸ்னோவும் இப்படித்தான் டயரில் அப்பும், ஆனால் அது உதிர்ந்துவிடும், இது உதிராது என்றான். தடியால் சுரண்டி எடுத்தோம். செம்மண்ணில் மழை நாளில் ஓட்டுவது வீண் வேலை. இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகென்றால் அருமையான தரை.

வல்லைவெளியில் ஓட்டவில்லை. வீதியின் இரண்டு பக்கமும் வெள்ளம், வாடைக்காற்று ஆளைத் தள்ளியது. அது உவர் நிலம், தேங்கி நிற்பதிலும் உப்புத்தான். தண்ணீர் புகாது என்று எழுதி விற்கிற கார்கள் எல்லாம் நல்ல தண்ணீருக்கு. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், பெயரிங்கை ஒரே இரவில் துருப்பிடிக்க வைக்கும். ரொறன்ரோவில் பனி உருக வீதியில் உப்புக் கொட்டுவார்கள், அங்கேயும் அவனுக்கு முதல் எதிரி அதுதானாம்.

நெல்லியடி கடந்து, வல்லிபுரக் கோயில் பக்கத்தால் மணல்காட்டுக்குள் போகும்போது வெயில் ஏறவில்லை. சவுக்கமரங்கள், அவற்றுக்கு அப்பால் மணல் மேடுகள், மணலுக்குள் புதைந்து சுவர்கள் மட்டும் நிற்கிற பழைய அந்தோனியார் கோயில். கோயில் பக்கமும் சேமக்காலைப் பக்கமும் நாங்கள் காரைக் கொண்டுபோகவில்லை, நீங்களும் கொண்டுபோக வேண்டாம். வெளி நிறைய இருக்கிறது.

இராத்திரி மழை பெய்திருந்தது. மணலைக் கையில் எடுத்து அமத்தினால் பிட்டு மாப்போலப் பிடிபட்டது, விரலால் தட்டினால் உதிர்ந்தது. இந்தப் பதம்தான் வேண்டும். மேல்பரப்பில் மழைத்துளி குத்திய சிறு பள்ளங்கள், அதன்மேல் ஒரு நண்டு நடந்த கோடு, வேறு அடையாளமே இல்லை. காரை விட்டதும் சக்கரம் புதையாமல் மேலாலேயே ஓடியது. திருப்பத்தில் பின்பக்கம் இழுபட, ஈர மணல் கட்டிகட்டியாகப் பறந்து விழுந்தது. மணலில் மோட்டருக்குச் சுமை கூடும் என்று சின்னப் பினியன் (மோட்டர் அச்சில் பூட்டுகிற பல்சக்கரம்) போட்டிருந்தோம். ஓட்டம் முடிந்து தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடுதான். கோடையில் இதே இடத்தில் அது கனவிலும் நடக்காது.

கொஞ்ச நேரத்தில் ஊர்ப் பெடியள் சேர்ந்துவிட்டார்கள். பட்டக் காலம் என்பதால் ஒருவன் கையில் நூல்கட்டை.

“அண்ணை, இது தண்ணிக்குள்ளயும் ஓடுமோ?”

“நல்ல தண்ணிக்குள்ள ஓடும் தம்பி, கடலுக்குள்ள விடக் கூடாது.”

“அப்ப ஒருக்காத் தாங்கோவன்.”

காரில் பழகுகிறவர்களுக்கென்று ட்ரெயினிங் மோட் இருக்கிறது, வேகம் பாதியாகக் குறைந்துவிடும். அதில் போட்டுக் கொடுத்தோம். நாங்கள் ஏற்ற முடியாமல் விட்டிருந்த பெரிய மேட்டில் அவன் ஏற்றிக் காட்டினான், அதுவும் அந்தப் பாதி வேகத்தில். “வாடை அடிக்கிற பக்கத்தால ஏத்துங்கோ அண்ணை, மற்றப் பக்கம் இளகல்” என்றான். உண்மைதான். காற்றுப் படுகிற முகத்தில் சரிவு குறைவு, மணல் அடைந்து இறுகியிருக்கும். மேலே வந்து மறுபக்கம் சொரிகிற மணல் செங்குத்தாகத் தளர்ந்து நிற்கும். இதை அந்தப் பெடியன் காலால் நடந்தே அறிந்து வைத்திருக்கிறான்.

ஓர் இடத்தில் மட்டும் நாங்கள் அவர்களை மறித்தோம். மேட்டின் அடியில் அடம்பன் கொடி படர்ந்திருந்தது. காற்றில் மணல் ஓடாமல் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான். மணல் அள்ளுவதால் ஏற்கெனவே காயப்பட்ட கரை இது. சின்னக் கார்தானே என்று அதன்மேல் உழுதுகொண்டு போவது எனக்குச் சம்மதமில்லை. காருக்கும் நல்லதில்லை, கொடி அச்சில் சுற்றினால் கத்தியால்தான் அறுக்க வேண்டும்.

அலை நக்கிவிட்டுப் போகிற ஈரக் கரை சிமெந்துத் தரைபோல் தட்டையாகக் கிடந்தது. மச்சானுக்கு அங்கே முழு வேகத்தில் விட ஆசை. வலை பின்னிக்கொண்டிருந்த ஐயா ஒருவர், “தம்பியவை, வாடைக்காலத்தில அலை சொல்லிப்போட்டு ஏறாது, தள்ளி நில்லுங்கோ” என்றார். சரியென்று மேலேயே ஓட்டினோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பாதி வேலை. மணல்காட்டுக் கிணற்றுத் தண்ணீரில் உவர் இருக்கலாம் என்று போத்தல்களில் நல்ல தண்ணீர் கொண்டுபோய் அங்கேயே ஒரு தரம் ஊற்றிக் கழுவியிருந்தோம். பிறகு மாமா வீட்டுக் கிணற்றடியில் சக்கரங்களைக் கழற்றி, பழைய பல்துலக்கியால் ஆர்ம் மூட்டுகளைத் தேய்த்தோம். அங்கே சுண்ணாம்புக் கற்பாறைக் கிணற்றுத் தண்ணீர், காய்ந்தால் வெள்ளைப் படலம் நிற்கும். ஆகவே துணியால் ஒற்றி, காற்றுப் பம்பால் ஊதி, பெயரிங்குகளுக்கு ஒரு துளி எண்ணெய். முன் இடது சக்கரத்துப் பெயரிங்கை விரலில் வைத்துச் சுற்றினால் கரகரவென்றது, உள்ளே மணல் போயிருந்தது. மாற்றிவிட்டோம். தகட்டு மூடிப் பெயரிங்குகளைவிட ரப்பர் மூடி போட்டவை இந்தக் கரைக்கு நல்லது. டயருக்குள் இருக்கிற ஸ்பொஞ்ச் தண்ணீர் குடித்திருந்தது. டயரில் சின்னத் துளை இரண்டு போட்டால் சுற்றும்போது தண்ணீர் தானாக வெளியேறும்.

பற்றரியை ஒருநாளும் முழு சார்ஜில் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அடுத்த ஓட்டம் பிந்தும் என்றால் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வைக்க வேண்டும். சார்ஜ் போடும்போது, தீப்பிடித்தாலும் பரவாமல் இருக்க, மாமி கொடுத்த மண் சட்டிக்குள்தான் வைத்தோம்.

போக நினைப்பவர்கள் மழை விட்டு ஓர் இரவு கடந்த காலை பார்த்துப் போங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் வரும். பருத்தித்துறைக்குப் பஸ் இருக்கிறது, அங்கிருந்து ஓட்டோ பிடிக்கலாம். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழா நடக்கும், அதற்கு முன்னும் பின்னுமாக ஒரு கிழமை தங்கினால் இரண்டையும் பார்க்கலாம். மாசி பிறந்துவிட்டால் மணல் உலர்ந்து இளகத் தொடங்கும், அதற்குள் போய்விடுங்கள்.