சோதனைக்கு வராத ஹொப்டன்

சீனியர் வகுப்பில் இங்கிலாந்துச் சரித்திரம் படிப்பித்த எங்கள் மாஸ்டருக்கு, மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் பாராளுமன்றப் பக்கத்துப் பெரிய தலைவரான கிறம்வெல்லை முடிக்க ஒரு பாடவேளை போதும். மன்னர் பக்கத்துத் தளபதி ரால்ஃப் ஹொப்டனுக்கு மட்டும் ஒரு கிழமை. சோதனையில் ஹொப்டன் வரமாட்டார் என்பது எங்களுக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும்.

ஹொப்டன் முதலில் பாராளுமன்ற உறுப்பினர். 1641 டிசம்பரில், முதலாம் சாள்ஸ் மன்னரின் ஆட்சிமேல் பாராளுமன்றம் எழுதிய நீண்ட குறைப்பட்டியலை மன்னரிடமே கொண்டுபோய் வாசித்தவர். அடுத்த மார்ச்சில் அதே மன்னருக்காகப் பரிந்து பேசி, லண்டன் கோபுரத்தில் அடைபட்டார்.

“கட்சி மாறினவரோ, சேர்?” என்றான் பின்வாங்கில் ஒருத்தன்.

“அவர் நிண்ட இடத்திலதான் நிண்டவர். பாராளுமன்றம்தான் படையையும் தன்ர கையில கேட்டது.”

எனக்கு அதில் இன்றுவரை முழுச் சம்மதம் இல்லை. 1642 ஜனவரியில் மன்னர் ஆயுதக்காரருடன் சபைக்குள் நுழைந்து ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்கப் பார்த்தாரே, அதை ஹொப்டன் எப்படி விழுங்கினார்?

சரி, டிவைசஸ் கதைக்கு வருகிறேன். மாஸ்டரின் குரல் உயர்வது அங்கேதான். போர் மூண்டு, ஹொப்டன் மன்னரின் படையை நடத்தினார். 1643 ஜூலை 5 லான்ஸ்டவுன் மேட்டில் சண்டை. மறுநாள் வெடிமருந்து வண்டி வெடித்து, ஹொப்டனுக்கு முகம் கருகிப் பார்வையும் மங்கிவிட்டது. டிவைசஸ் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாராளுமன்றப் படை சுற்றி வளைத்தது. அந்தக் காலத்துத் துவக்கைச் சுட, கனன்றுகொண்டிருக்கும் கயிற்றுத் திரி வேண்டும். அது தீர்ந்துகொண்டிருந்தது. படுத்த கிடையில் ஹொப்டன் சொன்னார்: வீடுவீடாகக் கட்டில் கயிறுகளை அவிழ்த்து, அடித்து, குங்கிலியத்தில் அவித்தெடுங்கள். 13ஆம் திகதி ஒக்ஸ்போர்டிலிருந்து மன்னரின் குதிரைப்படை வந்து காப்பாற்றும்வரை ஊர் தாங்கியது. இதைக் கேட்ட விடுதிப் பொடியன் ஒருவன் தன் கட்டில் கயிற்றில் செய்து பார்த்துவிட்டு, தவணை முடியும்வரை பாயில் படுத்தான்.

வளைத்த தளபதி வில்லியம் வொலர், ஹொப்டனின் பழைய தோழர். 1620இல் இருவரும் பொஹீமியாவில் சேர்ந்து சேவகம் செய்தவர்கள். சந்திப்போமா என்று ஹொப்டன் கேட்டதற்கு, அந்தச் சண்டைக்கு முந்திய ஜூனில் வொலர் மறுத்து எழுதினார்: உன்மேல் உள்ள அன்பு மாறாது, ஆனால் என் பக்கத்துக்கு உண்மையாக இருக்கவேண்டும். பகைவனே இல்லாத போர் என்றும் அதில் எழுதியிருந்தார். மாஸ்டர் அதை ஆங்கிலத்தில் மனப்பாடமாகச் சொல்லுவார். பாதிதான் எங்களுக்கு விளங்கும்.

1646இல் ஹொப்டன் சரணடைந்தார்; 1652இல் புரூஜ் நகரில் நாடுகடந்தவராகவே இறந்தார். லான்ஸ்டவுன் மேட்டில் எழும்பி நிற்கும் தூண் ஹொப்டனுக்கு இல்லை, அங்கே மன்னர் பக்கத்தில் விழுந்த கிரென்வில்லுக்கு. மாஸ்டர் பார்த்திருந்தால் யாருக்காவது கடிதம் எழுதாமல் விட்டிருக்கமாட்டார்.